பத்தொன்பது தோட்டாக்கள்

எனது பத்திரிகை வாழ்க்கையில் துவக்கைப் பற்றி எழுதிய அளவுக்கு வேறெதைப் பற்றியும் நான் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவை அனைத்தும் துவக்கு வெடித்த பிறகு எழுதப்பட்ட செய்திகள். வெடிப்பதற்கு முன்னர் அதற்குள் தோட்டா எப்படிப் போகின்றது, அந்தத் தோட்டாவை மனிதன் தனது உடம்பில் எங்கே வைத்திருக்கின்றான் என்பவற்றை ஆராய வேண்டிய தேவை எனக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை. 2019 ஆம் ஆண்டு கோடையில் லண்டனில் தங்கையின் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தபோது அந்தத் தேவையும் வந்து சேர்ந்தது.

போய் இறங்கிய இரண்டாம் நாளே தங்கை என்னைச் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா அவனோடை கதையுங்கோ. நான் சொன்னால் கேக்கிறானில்லை. இந்தத் துவக்குப் பைத்தியத்தை விடச் சொல்லுங்கோ."

அவன் என்று அவள் குறிப்பிட்டது தனது ஒரே மகனை. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கணினித் துறையில் நல்ல வேலை. குடியில்லை, புகையில்லை. வார இறுதிகளில் மட்டும் ஷொட்கன் சுடும் போட்டிகளுக்குப் போய்வருகிறான். அதற்கான உரிமப் பத்திரத்துக்காக அவன் விண்ணப்பித்தபோது பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். வந்தவர் மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார் என்று அவளே சொன்னாள். ஆனாலும் பொலிஸ் சீருடை வாசலில் நின்ற அந்த அரை மணித்தியாலத்தில் தனது கை நடுங்கியதை அவள் மறைக்கவில்லை. சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள் துவக்கு இருக்கிறது. அதன் சாவி இருக்கும் இடம் உரிமம் பெற்றவரைத் தவிர வேறெவருக்கும் தெரியக்கூடாது என்பது அந்நாட்டு நடைமுறை. "என்ரை வீட்டிலை எனக்குத் தெரியாத ஒரு சாவி" என்றாள் தங்கை.

இவற்றையும் விட அவளை வதைத்தது ஒரு சத்தம். இரவு பத்து மணிக்குப் பிறகு கராஜுக்குள் நின்று அவன் பயிற்சி செய்வான். மருந்தும் ரவையும் இல்லாத போலித் தோட்டாக்களைத் துவக்குக்குள் தள்ளித் தள்ளிப் பழகுவான். டக், டக், டக், டக். சிறிது நேரம் அமைதி. மறுபடியும் டக், டக், டக், டக். மேல்மாடியில் படுத்திருக்கும் தாய்க்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

அவளது அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் தந்தையார் வயல் செய்தார். காலபோக நெல் கதிர் தள்ளும் காலத்தில் காட்டுப்பன்றிக் காவலுக்கென ஒற்றைக் குழல் துவக்கொன்று வைத்திருந்தார். கச்சேரியில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய லைசன்ஸ் துவக்கு. ஷொட்கன் என்று இங்கே நான் சொல்வது அதே இனந்தான்; நமது ஊர்களில் வேட்டைத் துவக்கு என்போம். பன்னிரண்டாம் நம்பர் என்று அதற்கு ஏன் பெயர் வந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு பருமன் அதன் குழல்வாய்க்கு. ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர்.

ஐயாவிடம் தோற்பட்டி ஒன்று இருந்தது. தோட்டாக்களைச் செருகுவதற்கு வரிசையாக வளையங்கள் தைத்த பட்டி. அதை அவர் இடுப்பில் கட்டி நான் பார்த்ததில்லை. அரிசிப் பெட்டகத்துக்குள் சுருட்டி வைத்திருப்பார். மாலையில் காவலுக்குப் புறப்படும்போது அதிலிருந்து இரண்டே இரண்டு தோட்டாக்களைக் கழற்றிச் சாரத்தின் மடியில் செருகிக்கொள்வார். காலையில் திரும்பியதும் வெடிக்காததை மீண்டும் வளையத்தில் செருகுவார். வெடித்திருந்தால் வெற்றுக் கோதைக் கொண்டுவந்து பெட்டகத்தின் மூடியில் வைப்பார். பிறகு கொப்பியை எடுத்து எழுதுவார். அக்காலத்துத் தோட்டாக்கள் கடதாசிக் கோதுள்ளவை. மாரி காலத்து ஈரத்தில் அவை ஊதிப்போய் வளையத்தைவிட்டு வெளியே வர மறுக்கும். அரிசிப் பெட்டகம் அவற்றுக்குப் பொருத்தமான உலர்ந்த இடமாக இருந்தது.

1984 ஆம் ஆண்டு ஓர் இரவு, இயக்கம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். லைசன்ஸ் துவக்குகளை ஊரூராகச் சேகரித்துக்கொண்டிருந்த காலம் அது. துவக்கை வாங்கிக்கொண்டு தோட்டாப் பட்டியையும் கேட்டார்கள். பதினேழு வயதுத் தங்கைதான் பெட்டகத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பதினொரு தோட்டாக்கள் இருந்தன. பின்னர் துவக்கு எங்கே என்று கேட்டு ஐயாவை அழைத்துச் சென்ற பொலிசார் இரண்டு நாட்கள் கழித்தே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் காவலுக்குப் போகவேயில்லை.

நான் அப்போது கொழும்பில் இருந்தேன். அந்த வாரம் வடக்கில் லைசன்ஸ் துவக்குகள் எடுத்துச் செல்லப்பட்டமை பற்றி நான்கு வரிச் செய்தியொன்றை எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டுத் துவக்கு என்பதை ஆசிரியரிடமும் சொல்லவில்லை. தங்கையின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. இன்றுவரை இதை நான் எங்கும் எழுதியதில்லை.

ஆகவே மருமகனோடு கதைக்க வேண்டும் என்று தங்கை கேட்டபோது, மறுப்பதற்கு எனக்கு உரிமை இருக்கவில்லை. பார்க்காத ஒன்றைக் கண்டிப்பது பத்திரிகையாளனுக்கு அழகல்ல என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு போட்டிக்குப் புறப்பட்டேன்.

காரில் போகும்போது அவனே விளக்கினான். துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாக உள்ள பிரித்தானியாவில் இந்த விளையாட்டு வளர்ந்ததற்குக் காரணமே அச்சட்டங்கள்தான். 1987 இல் ஹங்கர்போர்ட் என்ற சிற்றூரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டிலேயே தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெருந்துவக்குகள் தடைசெய்யப்பட்டன. 1996 மார்ச் 13 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் பதினாறு சிறுவர்களும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். 1997 இல் கைத்துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்டன. கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஈடுபட்டிருந்தவர்கள் பலர் தமக்கு எஞ்சியிருந்த ஷொட்கன் பக்கம் திரும்பினார்கள். அதிலும் இரண்டுக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் குழாயுள்ள ஷொட்கனுக்குச் சாதாரண உரிமம் போதாது. கடுமையான பிரிவின் கீழ், தகுந்த காரணம் காட்டித் தனி உரிமம் பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

"டன்பிளேனுக்குப் பிறகு நடந்த மாற்றத்தை நீ சரியென்று நினைக்கிறியோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. சரிதான்" என்றான் தயங்காமல். "எனக்கு இதே காணும்."

போட்டி நடந்த இடம் கைவிடப்பட்ட கற்குழி. மூன்று பக்கமும் உயர்ந்த மண்சுவர். அதன் முன்னால் சிறிய இரும்புத் தட்டுகளும் கடதாசி இலக்குகளும் மறைப்புப் பலகைகளும் அமைக்கப்பட்டிருந்தன. ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடி, பலகைகளுக்கிடையிலும் குனிந்தும் முழந்தாளிட்டும் சுட வேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்த செக்கன்களால் வகுத்தால் வருவது அவரது மதிப்பு. 1976 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளே இங்கும் பின்பற்றப்படுகின்றன. குறி, வலு, வேகம் என்ற மூன்றும் சமமாக வேண்டும் என்பது அக்கூட்டமைப்பின் குறிக்கோள். ஷொட்கனுக்கு மட்டுமான முதலாவது உலகப் போட்டி 2012 இல் ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் நடைபெற்றது.

நீளமான ஒரு சுற்றில் இருபத்தெட்டு வெடிகள் வரை தேவைப்படலாம். மருமகன் போட்டியிடும் பிரிவில், ஆரம்ப ஒலி கேட்கும்போது துவக்குக்குள் ஒன்பது தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது. எஞ்சிய பத்தொன்பதையும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இட்டாக வேண்டும். கழற்றி மாட்டும் ரவைக்கூடு இத்துவக்குக்கு இல்லை. குழலுக்குக் கீழே அதற்குச் சமாந்தரமாக ஒரு குழாய், அதற்குள் ஒரு சுருள்வில். தோட்டாக்களைக் கீழ்ப்பக்கத்து வாயினூடாக, வில்லின் எதிர்ப்பை மீறிப் பெருவிரலால் தள்ள வேண்டும். குறிபார்ப்பதில் கைதேர்ந்தவர்களுக்கிடையே வெற்றி தோல்வியைத் தீர்ப்பது பெரும்பாலும் இந்தப் பத்தொன்பது தோட்டாக்கள்தான். கராஜுக்குள் கேட்ட சத்தத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

அன்று நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுவயதுக்காரர் ஒருவர் இடப்பக்கமாக ஓடித் திரும்பும்போது அவரது துவக்கின் வாய், அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கணநேரம் தாண்டிவிட்டது. இலக்குகளின் திசையிலிருந்து எந்தப் பக்கமும் தொண்ணூறு பாகைக்கு மேல் குழல்வாய் திரும்பக்கூடாது என்பது விதி. நடுவர் "நிறுத்து" என்று கத்தினார். அவ்வளவுதான், அன்றைய போட்டியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். தோட்டா இடும்போது விசைக்காப்புக்குள் விரல் இருந்தாலும் இதே தண்டனைதான். அவர் வாதாடவில்லை. துவக்கை வெறுமையாக்கிக் காட்டி உறையிலிட்டுப் பூட்டிவிட்டு வந்தார். மாலைவரை நின்று மற்றவர்களுக்காக இரும்புத் தட்டுகளை நிமிர்த்தி வைத்தார். துவக்கைப் பிழையான பக்கம் திருப்பியதற்காக ஒரு மனிதன் விலக்கப்பட்டதை அன்றுதான் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டேன். பிழையான பக்கம் திருப்பியவர்கள் விலக்கப்படாத ஒரு நாட்டிலிருந்து வந்தவன் நான்.

மருமகனின் முறை வந்தது. இடுப்பிலும் மார்பிலுமாகப் புதிய தாங்கிகளைப் பூட்டியிருந்தான். பழைய பழக்கத்தால் நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அவன் தோட்டா இடும் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். நான்கு நான்காக ஐந்து தடவை இட்டான். முதல் இரண்டும் மும்மூன்று செக்கன். பார்ப்பதற்கே அழகாக இருந்தது. மூன்றாம் தடவை இரண்டு தோட்டாக்கள் கையிலிருந்து நழுவி விழுந்தன. அவன் குனிந்து நிலத்தைப் பார்த்தான். ஒன்பது செக்கன். அடுத்தது நான்கு. இறுதியில் ஓடும்போதே மார்புத் தாங்கியிலிருந்து ஒரு சோடி கழன்று விழுந்துவிட, எட்டு செக்கன். மொத்தம் இருபத்தேழு.

அவனுக்குப் பின்னர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். இடுப்பின் இடப்பக்கத்தில் பழைய பிளாஸ்ரிக் தாங்கிகள். நான்கு தோட்டாக்களை ஒரே பிடியில் உருவி, ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து. மொத்தம் இருபத்து நான்கு செக்கன். ஒரு தோட்டாவும் விழவில்லை. அதைவிட முக்கியமாக, அவர் தோட்டா இட்டது பெரும்பாலும் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நடந்துகொண்டிருந்தபோது. எப்படியும் நடந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்துக்குள் இட்டு முடித்த தோட்டாவுக்குச் செலவே இல்லை. மருமகன் ஒவ்வொரு முறையும் நின்று இட்டான்.

அன்றிரவு சமையலறை மேசையில் எனது குறிப்புப் புத்தகத்தை அவன் முன் விரித்து வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய், இதுவரை வாங்கிய தாங்கிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொட்டினான். தங்கை தேநீர் ஊற்றியபடி எங்களைப் பார்த்தாள். நான் அவனைத் திருத்துவதற்குத்தான் தொடங்கியிருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

முதலாவது, இழுபடும் துணியில் வளையங்கள் தைத்த பட்டி. ஐயாவின் தோற்பட்டியின் பேரப்பிள்ளை. விலை குறைவு. ஆனால் ஒன்று அல்லது இரண்டு தோட்டாக்களைத்தான் ஒரு தடவையில் உருவலாம். நாளடைவில் துணி தளர்ந்துவிடும்.

இரண்டாவது, அந்தப் பெண்மணி அணிந்திருந்தது போன்றது. நான்கு தோட்டாக்கள் கிடையாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே இடக்கையால் நான்கையும் உருவிக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளலாம். கண் இலக்கை விட்டு விலக வேண்டியதில்லை.

மூன்றாவது, இப்போது முன்னணியில் உள்ளவர்கள் விரும்புவது. குவாட் லோட் என்கிறார்கள். இரண்டு தோட்டாக்கள் நேர்கோட்டில், ஒன்றின் தலையில் மற்றதன் வால் பொருந்த நிற்கும். அதன் அருகே இன்னொரு சோடி. துவக்கை மல்லாத்தித் தோளிலோ அக்குளிலோ தாங்கிக்கொண்டு நான்கையும் ஒரே பிடியில் எடுத்து, ஒரு தள்ளில் இரண்டு, மறு தள்ளில் இரண்டு என்று இடுவார்கள். திறமையானவர்களுக்கு நான்கும் இரண்டு செக்கன் அளவில் முடிந்துவிடும். ஆனால் துவக்கின் வாயை அகலமாக்கி, ஓரங்களை அராவி மழுக்க வேண்டும். குழாயில் நான்கு தோட்டாக்களுக்கு இடம் இருக்கும்போதுதான் அதனால் முழுப் பயனும் உண்டு. மூன்றுக்குத்தான் இடம் இருந்தால் ஒன்று கையில் மிஞ்சும். எனவே எத்தனை வெடி வைத்தோம் என்று ஓடிக்கொண்டே எண்ண வேண்டும்.

இவற்றோடு வேறு சில துணைக் கருவிகளும் உண்டு. துவக்கின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் தாங்கி ஒன்று. அது அருகிலேயே இருக்கும், ஆனால் துவக்கின் பாரத்தைக் கூட்டும். மெட்ச் சேவர் என்ற இன்னொன்று, ஒரேயொரு தோட்டாவை வெற்றுக் கோது வெளியேறும் வாய்க்கருகில் பிடித்து வைத்திருக்கும். துவக்கு முற்றாக வெறுமையாகிவிட்டால் அதைத் தட்டி நேரே அறைக்குள் போட்டுவிடலாம்.

நான் இயந்திர நுட்பம் அறிந்தவன் அல்லன். கேள்வி கேட்கத் தெரிந்தவன். ஆகவே கேட்டேன்.

"உன்ரை கையைக் காட்டு."

காட்டினான். எங்கள் குடும்பத்துக் கை. குட்டையான விரல்கள். ஐயாவுக்கும் அப்படித்தான். நான்கு பன்னிரண்டாம் நம்பர் தோட்டாக்களைச் சோடி சோடியாக அந்தக் கையால் வளைத்துப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அவன் பிடித்துக் காட்டியபோதே தெரிந்தது. கடைசிச் சோடி உள்ளங்கையில் நிற்கவில்லை. விரல் நுனியில் தொங்கியது.

"அண்டைக்கு விழுந்ததும் இந்தச் சோடிதானே?"

"ஓம் மாமா."

அடுத்ததாகத் தோட்டாக்களைப் பற்றிக் கேட்டேன். அவன் மூன்று வெவ்வேறு கம்பனிகளின் தோட்டாக்களைக் கலந்து பயன்படுத்திவந்தான், மலிவாகக் கிடைத்ததை வாங்கி. எல்லாம் பன்னிரண்டாம் நம்பர், எல்லாம் 28 கிராம் ரவை. ஆயினும் மேசையில் நிமிர்த்தி வைத்தபோது உயரத்தில் சிறு வித்தியாசம் இருந்தது. அடியிலுள்ள உலோக விளிம்பும் ஒரே அளவினதாக இல்லை. ஒரு வகைக்கு ஏற்றபடி தாங்கியின் இறுக்கத்தைச் சரிசெய்தால் இன்னொரு வகை அதில் தளர்ந்து ஆடியது. ஓடும்போது கழன்று விழுந்த சோடியின் மர்மம் அங்கே துலங்கியது.

மார்புத் தாங்கியைப் பற்றியும் கதைத்தோம். துவக்கின் வாய்க்கு அண்மையில் இருப்பதால் கைக்குத் தூரம் குறைவு என்பது உண்மை. ஆனால் நிலத்தில் படுத்துச் சுட வேண்டிய சுற்றில் அது நெஞ்சுக்கும் நிலத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. இடுப்புத் தாங்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சரியான இடத்தில் இறுக்காவிட்டால் முழந்தாளிடும்போது தொடை வந்து இடிக்கும். எதுவாயினும் ஒருமுறை இடத்தைத் தீர்மானித்த பின் மாற்றக்கூடாது. கை தேடிப் போகக்கூடாது. போன இடத்தில் தோட்டா இருக்க வேண்டும்.

இறுதியில் அவன்தான் முடிவுக்கு வந்தான். நான்கைக் கைவிட்டு, ஒரு பிடிக்கு ஒரு சோடி என்று பழகுவது. இரண்டிரண்டாக எடுத்தாலும் ஒரே தள்ளில் இரண்டும் உள்ளே போகும் வசதி இருக்கிறது. அவனது கைக்கும் அது அடங்கும். இடுப்பில் மட்டும் தாங்கிகள். இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய வகை. ஒரே கம்பனியின் தோட்டா. பத்தொன்பது போதுமெனினும் குறி தவறுவதற்கும் கை தவறுவதற்குமாக இருபத்து நான்கு. வாங்கியதும் வீட்டுத் தோட்டத்தில் போலித் தோட்டாக்களோடு ஓடியும் குதித்தும் நனைந்தும் பார்ப்பது. விழுந்ததைக் குனிந்து பார்ப்பதில்லை என்று சபதம்.

ஒரு கருவியை அதன் மிகச் சிறந்த நாளை வைத்து வாங்குகிறோம். ஆனால் அதன் மிக மோசமான நாளோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. மருமகனின் மூன்று செக்கன்கள் அவனுக்கு நினைவில் இருந்தன. ஒன்பதும் எட்டும் எனது குறிப்புப் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. எதைத் தெரிவு செய்வதென்று யாராவது என்னிடம் கேட்டால், வேகமானது எது என்று பார்க்காமல் உங்கள் கையிலிருந்து விழாதது எது என்று பாருங்கள் என்பேன். வேகம் அதற்குப் பிறகு வரும்.

புதிய தாங்கிகளுக்கான பணத்தை நான் கொடுத்தேன். துவக்கை வெறுத்தே வாழ்ந்த ஒருவன் தோட்டா வைக்கும் சாமானுக்குப் பணம் கொடுத்ததை வாசகர்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. அன்று கற்குழியில் கண்டதும் வன்னியில் நான் கண்டதும் ஒன்றென்று சொல்ல என்னால் முடியவில்லை. முற்றிலும் வேறென்று சொல்லவும் முடியவில்லை. துவக்கு ஒன்றுதான். அதைச் சுற்றிப் போடப்பட்டிருந்த வேலி வேறு. அந்த வேலி ஐயாவிடமும் இருந்தது. மடியில் இரண்டு தோட்டா, பெட்டகத்தில் மீதி, கொப்பியில் கணக்கு. அதைத்தான் அந்த இரவில் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தங்கை கேட்டாள்.

"சொன்னீங்களோ அண்ணை?"

"இல்லை" என்றேன். "விடச் சொல்லி நான் சொல்லேல்லை. ஆனால் ராவிலை பழகிறதை நிப்பாட்டச் சொல்லியிருக்கிறன். இனிச் சனிக்கிழமை பகலிலைதான். நீ கடைக்குப் போற நேரம்."

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் கற்குழியில் கண்டதைச் சொன்னேன். துவக்கின் வாய் திரும்பியதற்காக விலக்கப்பட்டவரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"அண்டைக்கு எங்கடை பட்டியிலை எத்தினை இருந்தது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"பதினொண்டு. நீ கடிதத்திலை எழுதினனீ."

"ஓம். பதினொண்டு. ஐயா கொப்பியிலை எழுதி வைச்சிருந்தவர். அவங்கள் போனாப் பிறகும் அந்தக் கொப்பியை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தவர்." சிறிது நேரம் கழித்துச் சொன்னாள்: "இவன் எத்தினை கொண்டு போறான், எத்தினை கொண்டு வாறான் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லுறேல்லை."

சாதாரண ஷொட்கன் தோட்டாக்களை எண்ணிக் கணக்குக் காட்டும்படி பிரித்தானியச் சட்டம் கேட்பதில்லை. மருமகனுக்கு அன்று மாலை அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மம்மாவின் வீட்டிலிருந்து துவக்கு எடுத்துச் செல்லப்பட்ட கதையை அவன் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தான். கொப்பியைப் பற்றி அறிந்திருக்கவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவன் மீண்டும் போட்டிக்குப் போய்வந்தான். எத்தனையாவது இடம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் கோயில் நாட்காட்டி தொங்கும். அந்த நாளுக்குரிய கட்டத்தில் பென்சிலால் மூன்று எண்கள் எழுதியிருந்தன. கொண்டுபோனது 150. வெடித்தது 128. திரும்பியது 22.

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போய் நின்று அதைக் கூட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.